தப்பான வரிசையில் நின்று உன் உரிமையைக் காத்த கதை

திராப்வெல் மாளிகை,
ஒழுகாத அறை,
சனிக்கிழமை காலை.

என் ஒரே தங்கையின் ஒரே மகளும், ஸ்கார்ப்வித் நகரத்துப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பிப்பவளும், இந்தத் தேசத்துப் பரம்பரைப் பிரபுக்களை ஒருவர் விடாமல் வீட்டுக்கு அனுப்பியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அதை நடத்தியும் காட்டியவர்களில் ஒருத்தியுமான ஹெஸ்டருக்கு, அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பதினோராவது திராப்வெல் பிரபுவாகிய உன் லயனல் மாமா, நேற்று மாலை முதல் சபையில் இடமும் இல்லாமல், இன்று காலை முதல் குழாயில் வெந்நீரும் இல்லாமல், ஆனாலும் வெற்றி வீரனாக எழுதிக்கொள்வது.

இங்கே நானும், கூரையில் மிச்சமிருக்கும் ஓடுகளும் சுகம். நாயும் சுகம், அரசியல் சட்ட மாற்றம் நடந்த விவரத்தை அதற்கு இன்னும் தெரிவிக்கவில்லை, வயதான பிராணி, தாங்காது. அங்கே நீயும் உன் சனிக்கிழமைப் படையும் தொண்டை கெடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி, ஏனென்றால் முந்நூற்று முப்பது வருட வரலாறு இதில் இருக்கிறது, நடுவில் எழுந்து போக முடியாது.

ஈஸ்டர் ஞாயிறன்று, என் மேஜையில், என் ஆட்டுக்கறியை என் புதினா சாஸில் தோய்த்துக்கொண்டே நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா, தனி மனுஷனா நீங்க தங்கம். சட்டமாப் பார்த்தா நீங்க ஒரு அசிங்கம். யாரும் ஓட்டுப் போடாம ஒருத்தர் உக்காந்து எங்களுக்குச் சட்டம் பண்றார்னா, அது எந்த ஊர் நியாயம்?" என்றாய். நம்ம ஊர் நியாயம்தான், வேறு எந்த ஊரிலும் இப்படிக் கிடையாது என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "அதைத்தான் நானும் சொல்றேன்! யாருக்கு என்ன அதிகாரம், நமக்கு என்னென்ன உரிமை, எல்லாத்தையும் ஒரே புஸ்தகமா எழுதி வைக்கணும். எவன் ஆட்சிக்கு வந்தாலும் தொட முடியாத மாதிரி" என்றாய். "எழுதி வச்சா படிக்க வேண்டி வருமே, கண்ணே. எழுதாததாலதான் எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கு" என்றேன். "அப்படியா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்" என்றாய். நான் கிண்ணத்தை உன் பக்கம் நகர்த்தினேன். பிறகு, "உருளைக்கிழங்கு இன்னும் ரெண்டு போட்டுக்கோ" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். புட்டிங் வருவதற்கு முன்னால் இந்தக் குடும்பத்தில் யாரும் மேஜையை விட்டு எழுந்ததில்லை, போர்க்காலத்தில்கூட இல்லை. அன்று முதல் ஐந்து வாரமாக நான் போன் செய்தால் மணி மட்டும் அடிக்கிறது. உன் அம்மாவிடம் கேட்டால், "அவ பிஸியா இருக்கா, லயனல், நீயும் கொஞ்சம் திருந்தேன்" என்கிறாள். எழுபத்தெட்டு வயதில் எந்தப் பக்கமாகத் திருந்துவது என்று அவள் சொல்லவில்லை.

நீ சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், காரணம் நம் குடும்ப வரலாறு. முதலாம் திராப்வெல் பிரபு, ஒரு மழை நாளில் அரசர் குதிரை ஏறி முடிக்கும்வரை அரசரின் தொப்பியை நனையாமல் பிடித்துக்கொண்டு நின்றதற்காகப் பிரபுவானவர். தொப்பி காய்ந்திருந்தது, அவருக்கு மூன்று வாரம் காய்ச்சல், அதற்கு ஈடாக எங்களுக்கு முந்நூற்று முப்பது வருடம் சட்டம் செய்யும் அதிகாரம். இதில் நாங்கள் என்ன செய்தோம் என்று கேள். மூன்றாமவர் சபையில் தூங்கிய தூக்கத்தில் இரண்டு அரசாங்கங்கள் மாறின, ஒரு போர் தொடங்கி முடிந்தது, யாரும் அவரை எழுப்பத் துணியவில்லை. ஐந்தாமவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சபைக்கு வந்தார், வெளியே ஆலங்கட்டி மழை. எட்டாமவர் ஒருநாள் எழுந்து நின்றார், அவை அடங்கியது, குறிப்பெழுதுபவர்கள் பேனாவை மையில் தோய்த்தார்கள், அவர் தன் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தாராம், எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். என் அப்பா நாற்பத்தொரு வருடம் தலையாட்டினார், எவ்வளவு உளமார ஆட்டினார் என்றால், அவர் இறந்தபோது இரண்டு கட்சிகளும் தங்கள் ஆள் போய்விட்டார் என்று மலர்வளையம் அனுப்பின. நான் இருபத்தாறு வருடத்தில் அந்த அவையில் பேசிய ஒரே வாக்கியம், "இந்த இடத்துல யாராவது உக்காந்திருக்காங்களா?" அதுவும் பதிவாகவில்லை. ஆக, பதினோரு தலைமுறையில் திராப்வெல் குடும்பம் இந்த நாட்டுக்காக ஒரு சொல் பேசியது கிடையாது.

இந்த நிலையில்தான் போன மாதம் செய்தித்தாளில் உன் படத்தைப் பார்த்தேன். ஸ்கார்ப்விதுக்கு வரும் ஒரே பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம், நீயும் பதினெட்டுப் பெண்களும், ஒரு பெரியவரும் அவருடைய ட்ரம்போனும், சனிக்கிழமைதோறும் நகரசபை வாசலில் நின்று வாணலியைத் தட்டுகிறீர்களாம். ஒரு போலீஸ்காரர் உன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நீ அவருக்கு உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வது போலத் தெரிந்தது, நல்ல வளர்ப்பு. அதன் கீழே ஒரு வரி: பொது அமைதி மசோதா சட்டமானால் இப்படி நிற்பது குற்றம். நான் அந்த மசோதாவை வரவழைத்துப் படித்தேன், ஹெஸ்டர். முழுவதும் படித்தேன். ஒரு மசோதாவை முழுவதும் படித்த முதல் திராப்வெல் நான்தான், நான்கு நாள் ஆயிற்று, நடுவில் இரண்டு முறை காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டேன். பதினான்காம் பிரிவில் இருக்கிறது விஷம். அரசாங்கக் கட்டடம் எதன் அருகிலும் கூடி நின்று, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு "எரிச்சல்" உண்டாக்கினால் ஆறு மாதம் சிறை. எரிச்சல்! இந்தத் தேசத்தில் எரிச்சல் உண்டாக்காமல் எவன் எதைச் சாதித்தான்? எனக்கு ஒரு நாளைக்குப் பதினேழு தடவை எரிச்சல் வருகிறது, அதற்கெல்லாம் ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் இந்த மாவட்டத்தில் பாதிரியார்கூட மிஞ்சமாட்டார்.

அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார் ஸ்கெல்டன் சீமாட்டி. எரிச்சல் மட்டுமே குற்றமாகாது, அவ்வளவுதான், ஒரே வரி. புதன்கிழமை பிற்பகல் அதன் மேல் ஓட்டெடுப்பு. பரம்பரைப் பிரபுக்களாகிய எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் சபையில் கடைசி நாள். ஆக என் கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஓட்டு, அது போனால் நீ சிறைக்குப் போவாய், வந்தால் வாணலி தட்டுவாய். நான் என் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ரயில் பதினோரு மைலில் நின்றது. தண்டவாளத்தில் ஓர் அன்னம் உட்கார்ந்திருக்கிறது, வருந்துகிறோம், என்று கார்டு அறிவித்தார். பத்து நிமிடம் கழித்து, அன்னம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, மேலும் வருந்துகிறோம், என்றார். எங்கள் பெட்டியில் அறுபது பேர், ஒருவர் வாய் திறக்க வேண்டுமே. கடைசியில் ஜன்னலோரம் இருந்த ஓர் இளைஞன் லேசாகப் பெருமூச்சு விட்டான், அறுபது பேரும் திரும்பி, கலகக்காரனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தோம். கார்டு தண்டவாளத்தில் இறங்கித் தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்து அன்னத்தைச் சம்மதிக்க வைத்தார். லண்டனில் இறங்கும்போது பார்க்கிறேன், என் ஒரு காலில் கறுப்பு ஷூ, ஒரு காலில் பழுப்பு ஷூ. இரண்டுமே நல்ல ஷூதான்; மேலே நடந்தேன்.

சபையின் தேநீர் அறையில் ஸ்கெல்டன் சீமாட்டி உட்கார்ந்திருந்தார். வடக்குத் துறைமுகம் ஒன்றில் மீன் பதனிடும் ஆலையில் முப்பது வருடம் தொழிற்சங்கம் நடத்தி, பரம்பரையால் அல்ல, அதற்காகவே பிரபுக்கள் சபைக்கு நியமிக்கப்பட்டவர், ராஜாவையே கண்ணு என்று கூப்பிடக்கூடியவர். நான் போய் வணங்கி நின்றேன்.

"நீங்கதான் திராப்வெல்லா? அடக் கடவுளே! உங்களை நான் இத்தனை வருஷமா ஏதோ ஓவியம்னு நெனச்சிட்டிருந்தேன், கண்ணு."

"இன்னிக்கு உசிரோட வந்திருக்கேன், அம்மணி. உங்க திருத்தத்துக்கு ஓட்டுப் போட."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நெசமாவா? கேளுங்க, ரொம்ப இழுபறி. ஒத்தத் தலை கொறைஞ்சாலும் போச்சு. மணி அடிச்சதும் எட்டே நிமிஷம், அப்புறம் கதவைச் சாத்திடுவாங்க. எந்தக் கூடத்துக்குள்ள நடக்கிறோமோ அதுதான் ஓட்டு, நீங்க சம்மதக் கூடத்துக்குப் போகணும். சம்மதம். சொல்லுங்க பார்ப்போம்."

"சம்மதம்."

"நல்ல புள்ள" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் போனார். முதுகு இன்னும் வலிக்கிறது.

மணி அடித்தபோது எனக்கு வாட்டிய பன் அப்போதுதான் வந்திருந்தது, வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது, அதை அப்படியே விட்டுப் போவது பிரபுவுக்குச் சரி, மனிதனுக்குச் சரியில்லை, ஆகவே மூன்று நிமிடம் ஆயிற்று, வாயைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். அங்கே ஒரு வரிசை நின்றது. எப்பேர்ப்பட்ட வரிசை தெரியுமா, ஹெஸ்டர்! நேர்கோடு. ஆளுக்கும் ஆளுக்கும் ஒரே இடைவெளி. முந்துவார் இல்லை, தள்ளுவார் இல்லை, எல்லாரும் வானிலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு ஓர் அடி ஓர் அடியாக நகர்ந்தார்கள். நம் மக்களுக்கு ஒரு வரிசையைக் கண்டால் கால் தானாகப் போய் நிற்கும், அது எதற்கான வரிசை என்று கேட்பது அநாகரிகம். போய் நின்றேன். ஒரு பெருமிதமும் வந்தது, இது அல்லவா நாடு என்று. பாதி தூரம் போன பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். முன்னால் ஓர் அமைச்சர். அவருக்கு முன்னால் இன்னோர் அமைச்சர். சுவரில் பலகை: சம்மதமில்லை.

வெளியே போக வேண்டும் என்று பின்னால் திரும்பினேன், அங்கே, சபையில் இடமுள்ள திருச்சபை ஆயர்களில் ஒருவர், வெள்ளை அங்கியோடு கதவளவு அகலமாக நின்றார். "மன்னிக்கணும், நான் தப்பா வந்து..." என்று ஆரம்பித்தேன். "இல்ல இல்ல, தப்பு என் பேர்லதான், ரொம்ப நெருங்கி நின்னுட்டேன்" என்று அவர் இரண்டடி பின்வாங்கி என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் அவரிடம் கேட்டேன், அவர் மறுபடி கேட்டார். இதைக் கேட்டு எனக்கு முன்னால் நின்ற அமைச்சர் திரும்பி, என் வயதையும் முகத்தையும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அவசரமா? முன்னாடி போங்க, போங்க" என்றார்.

"இல்லீங்க, நான் பின்னாடி போகணும்..."

"கூச்சப்படாதீங்க. எங்கப்பாவுக்கும் இதே தொந்தரவுதான்" என்று சொல்லி என்னை முன்னால் விட்டார். அவருக்கு முன்னால் இருந்தவரிடம், "பெரியவருக்கு அவசரம்" என்றார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். தீப்பிடித்த வீட்டுக்கு வாளியைக் கை மாற்றுவது போல ராஜ்யத்தின் தலைசிறந்த மனிதர்கள் என்னைக் கை மாற்றிக் கை மாற்றி, ஒவ்வொருவரும் ஒரு மன்னிப்பும் ஒரு புன்னகையுமாக, முன்னால் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தள்ளியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன், நம் குடும்பம் அஞ்சாத குடும்பம். மரியாதையை எதிர்த்து நிற்க யாரால் முடியும்? எழுபது பேரைத் தாண்டி, அத்தனை பேருக்கும் நன்றி சொல்லி, மேஜை முன்னால் போய் நின்றேன். மேஜை மேல் இருந்த ஓட்டுப் பதியும் பெட்டியிடம் அட்டையைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினேன். ஒரு சின்ன ஓசை. உன் சுதந்திரத்துக்கு எதிராக ஓர் ஓட்டுப் பதிவாயிற்று. நான் அந்தப் பெட்டிக்கும் நன்றி சொன்னேன்.

அப்படியே ஒரு நாற்காலியில் விழுந்தேன். வாசல் காவலர் பொக்காக் ஓடிவந்தார். வால் கோட்டும் வெள்ளை டையும் மார்பில் சாப்பாட்டுத் தட்டளவு வில்லையுமாக இருபது வருடமாக எனக்குக் கதவு திறந்துவிடுபவர், நான் அந்தச் சபையில் முழுதாகப் பேசியிருக்கிற ஒரே மனிதர்.

"என்ன பிரபுவே, மூஞ்சி சுண்ணாம்பா இருக்கு?"

"பொக்காக், நான் என் தங்கச்சி மகளை ஜெயிலுக்கு அனுப்பிட்டேன்."

"பொண்ணு என்ன பண்ணிச்சு?"

"வாணலி தட்டினா. நான் வரிசையில நின்னுட்டேன். தப்பான வரிசை."

"அட, அவ்வளவுதானா!" என்று அவர் சிரித்தார். "எங்கயும் போயிடாதீங்க. இங்கயே உக்காருங்க. எண்ணி முடிச்சதும் கோல் வச்சிருக்கிற ஓட்டெண்ணி வருவாரு. தப்புப் பண்ணிட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அவர் உங்களைச் சபை நடுவுல மேஜைக்குக் கூட்டிட்டுப் போவாரு. எழுத்தர் கேப்பாரு. எல்லார் காதுலயும் விழுற மாதிரி, தப்புப் பண்ணிட்டேன், என் ஓட்டு அந்தப் பக்கம்னு சொல்லணும். மாத்தி எழுதிக்குவாங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான், பிரபுவே. அதனாலதான் யாரும் அதைச் செய்றதில்ல."

எண்ணி முடிந்தது. வெள்ளைக் கோலோடு பிம் பிரபு வந்தார், அரசாங்கத்துக்காக ஓட்டெண்ணுபவர், நாற்பது வயதுதான், சருமம் மெழுகு போல இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அன்பில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"எதுக்குங்க இந்த வயசுல? ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது? சபையே சிரிக்கும். நாளை மறுநாள் நீங்க எப்படியும் போகப் போறீங்க. முந்நூறு வருஷத்துக் குடும்பம், கடைசியா, ஷூகூட மாத்திப் போட்டுக்கிட்டு வந்து, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டா போகணும்? கௌரவமா எழுந்து போயிடலாமே."

ஹெஸ்டர், நான் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஒரு கணம் என் காலைப் பார்த்தேன். கறுப்பு, பழுப்பு. எனக்கு முந்தைய பத்துப் பிரபுக்களும் மேலே எங்கோ வரிசையாக உட்கார்ந்து, பேசாதே, பேசாதே, இதுவரை எவ்வளவு நன்றாகப் போயிற்று என்று சொல்வது போல இருந்தது. பிறகு நீ போலீஸ்காரருக்குப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்ன அந்தப் படம் ஞாபகம் வந்தது.

"எழுந்திருங்க, பிம்" என்றேன். "கோலைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நடங்க."

நானூறு பேர் நடுவே நடந்தேன். தங்கச் சிம்மாசனம், சிவப்புத் தோல் இருக்கைகள், மேஜையில் பொய்முடி தரித்த எழுத்தர். அவை இப்படி அடங்கி நான் கேட்டதில்லை. எட்டாமவர் மூக்குக்கண்ணாடியை எடுத்த நாளில்கூட இவ்வளவு இருந்திருக்காது. எழுத்தர் எழுந்து, "பிரபு அவர்கள் தவறுதலாகத் தவறான கூடத்தில் ஓட்டளித்தாரா? அவருடைய உண்மையான விருப்பம் என்ன?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "ஆமாங்க, தப்புப் பண்ணிட்டேன். வரிசை ஒண்ணு இருந்துச்சு, போய் நின்னுட்டேன். என் ஓட்டு சம்மதத்துக்கு."

சபை சிரித்தது. ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஹெஸ்டர். அங்கே இருந்த ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அப்படிப் போய் நின்றிருக்கிறார்கள், அந்தச் சிரிப்பு. அதோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும், விதி அதுதான், பிம் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். ஆனால் முந்நூற்று முப்பது வருடமாக அடைத்துக்கொண்டிருந்த குழாய், திறந்துவிட்டால் நிற்குமா?

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றேன். "எனக்குத் தங்கச்சி மகள் ஒருத்தி இருக்கா. பயங்கரமா எரிச்சல் பண்ணுவா. என்னையே அஞ்சு வாரமாப் பண்றா. நான் இந்த இடத்துல உக்காந்திருக்கக் கூடாதுன்னு ஊர் ஊராச் சொன்னவ அவ. அது அவ உரிமை. அதைப் புடுங்கிக்கிறதுக்கு எனக்கும் யோக்கியதை இல்ல, உங்களுக்கும் இல்ல."

எந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஆரவாரம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆயர் எழுந்து நின்று அங்கியை ஆட்டினார் என்று மட்டும் தெரியும். பிறகு எண்ணிக்கையைப் படித்தார்கள். சம்மதம், இருநூற்றுப் பன்னிரண்டு. சம்மதமில்லை, இருநூற்றுப் பதினொன்று. நீ கணக்குத் தெரிந்தவள், நான் வாயைத் திறக்காமல் போயிருந்தால் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் விளக்கிவிட்டேன், எதிரே வருபவர்கள் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறேன், இன்று காலை பால்காரருக்கு இரண்டு முறை. ஸ்கெல்டன் சீமாட்டி ஓடிவந்து எல்லார் முன்னிலையிலும் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "தப்பாப் போயி சரியா வந்த ஒரே ஆளு நீங்கதான், கண்ணு" என்றார். நேற்று மாலை கடைசியாகச் சபையை விட்டு வெளியே வந்தபோது பொக்காக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நல்லாப் பேசினீங்க, பிரபுவே. என் பொண்ணுகிட்டச் சொன்னேன், அவளும் ஒரு எரிச்சல்தான்" என்றார். நான் அழவில்லை. ஆற்றங்கரைக் காற்று கண்ணுக்கு ஆகாது.

ஆகவே, ஹெஸ்டர், ஈஸ்டரன்று நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். எழுதாமலே மனப்பாடமாக இருக்கும் உரிமையில் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னாய். இதோ, இது எங்கேயும் எழுதவில்லை. வாசல் காவலர் ஒருவருக்கு ஒரு பழைய வழக்கம் தெரிந்திருக்கிறது. ஒரு கிழவன் எழுந்து தன் தப்பைச் சொன்னால் அவனை நம்ப வேண்டும் என்று நானூறு பேருக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான் நம் அரசியல் சட்டம். எழுதிய சட்டத்தைக் கிழிக்கலாம், எழுதாததை எப்படிக் கிழிப்பார்கள்? மற்ற தேசங்கள் புத்தகத்தில் வைத்திருப்பதை நாம் நடத்தையில் வைத்திருக்கிறோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உன்னையும் சேர்த்துத்தான் பெருமை. என்னை வெளியே அனுப்பியது சரிதான். போகும் வழியில் உனக்கு ஒரு காரியம் செய்துவிட்டுப் போனேன் என்பதை மட்டும் போனை எடுத்து ஒரு தடவை ஒத்துக்கொள்.

உன் தொண்டை நீடூழி வாழ்க. உன் பஸ் திரும்பி வருக, வரும்போது இடமும் இருக்க. வாணலி ஓட்டையாகாமல் இருக்க. ட்ரம்போன் பெரியவருக்கு என் வணக்கம், மற்ற பதினெட்டுப் பெண்களுக்கும் தனித்தனியே என் தொப்பி கழற்றல். உன் அம்மாவிடம் நான் திருந்திவிட்டேன் என்று சொல்.

இப்படிக்கு, தன் குலத்தில் முதன்முதலாகப் பேசியவனும் கடைசியாகப் பேசியவனுமான உன் மாமா,
லயனல் திராப்வெல்.

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: வீட்டில் தபால்தலை இல்லாததால் கடிதம் மூன்று நாள் மேஜை மேலேயே கிடந்தது, நல்லதாகப் போயிற்று. நேற்றுப் பிற்பகல் அந்தத் திருத்தம் மக்கள் சபைக்குப் போனது. மக்கள் தேர்ந்தெடுத்த அந்தச் சபை, நீ கடைசி வார்த்தை சொல்ல வேண்டும் என்று விரும்பும் அந்தச் சபை, அதைப் பத்தொன்பது நிமிடத்தில் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டது. தொண்ணூற்று நான்கு ஓட்டு வித்தியாசம். ஒருவர்கூடத் தப்பான கூடத்துக்குப் போகவில்லையாம். வியாழனன்று மசோதா பிரபுக்கள் சபைக்குத் திரும்பி வருகிறது, ஆனால் ஸ்கெல்டன் சீமாட்டி போனில், "இந்தத் தடவை நம்மாளுங்க குனிஞ்சிடுவாங்க, கண்ணு. ஓட்டு வாங்கினவங்க வேணாம்னு சொல்லிட்டா ரெண்டாவது தடவை வழிவிடுறதுதான் இங்க வழக்கம்" என்றார். வழக்கம்! மேலே வழக்கத்தைப் பற்றி நான் எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள். நீ சொன்னதுதான் சரி. எழுதி வையுங்கள். ஒரே புத்தகமாக, கெட்டி அட்டை போட்டு, கொட்டை எழுத்தில், பத்தொன்பது நிமிடத்தில் எவனும் கிழிக்க முடியாத காகிதத்தில் எழுதி வையுங்கள். படிக்க நான் தயார், நான்கு நாள் போதும். அடுத்த சனிக்கிழமைக்குள் பதினான்காம் பிரிவு சட்டமாகிவிடும், ராஜாவின் ஒப்புதல் வந்துவிடும். நான் அன்று காலை எட்டரை ரயிலில் வருகிறேன், பஸ் இல்லாததால் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருகிறேன். உன்னை ஆறு மாதம் உள்ளே போடுகிறவர்கள் என்னையும் சேர்த்துப் போடட்டும், அங்கே வெந்நீர் வருமாம். நகரசபை வாசலில் எந்த இடத்தில் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு அதிக எரிச்சல் உண்டாகும் என்று பார்த்து, அங்கே எனக்கு ஓர் இடம் பிடித்து வை.